பெயர் சொல்லவில்லை

மார்ச் 3, திங்கள்

காலையில் எல்லோரையும் பெரிய கூட்ட அறைக்கு வரச் சொன்னார்கள். உட்கார இடம் போதவில்லை. நான் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டேன். ஆல்பர்ட் டான் செய்தியைச் சொன்னார். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நாங்கள் மெல்பர்னில் இருக்கும் ஹெஸ்கெத் மார்லோ என்ற சட்ட நிறுவனத்தோடு இணைகிறோம். ஏழு நாடுகளில் அலுவலகங்கள். புதுப் பெயர் ஹெஸ்கெத் டான். இத்தனை காலம் வாசலில் இருந்த 'டான் அண்ட் கந்தையா'வில் கந்தையாவைக் காணோம். அவர் இறந்து நான்கு வருடமாகிறது, ஆட்சேபிக்க ஆளில்லை. என்னை வேலைக்கு எடுத்தவர் அவர். காயம்பட்ட தொழிலாளர்களின் வழக்குகளை இந்த அலுவலகத்துக்குள் கொண்டுவந்தவரும் அவர்தான். இன்று அவற்றைப் பார்க்கிறவள் நான் ஒருத்தி.

கூட்டம் கலைந்ததும் ஆல்பர்ட் என்னை அறைக்குக் கூப்பிட்டார். புது நிறுவனத்தில் என்னைப் பங்குதாரராக்கப் போகிறார்களாம். நன்றி சொன்னேன். குரல் லேசாகத் தடுமாறியது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் என் கணவர் செழியன் கையைப் பிடித்துக் குலுக்கினார். கயல், "அப்போ நீங்கதான் பாஸா அம்மா?" என்றாள். இல்லை, பாஸ்களில் ஒருத்தி என்றேன்.

மார்ச் 6, வியாழன்

முத்துக்கருப்பன் வந்தார். போன வருடம் கப்பல் பட்டறையில், ஒரு கப்பலின் தொட்டிக்குள் சாயம் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்தவர். இடுப்பெலும்பும் முதுகும் போய்விட்டன. கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. வழக்கு முடியும்வரை சிங்கப்பூரில் இருக்கலாம், ஆனால் வேலை பார்க்கக் கூடாது. ஒரு தொண்டு அமைப்பின் விடுதியில் தங்கியிருக்கிறார். வழக்கம்போல ஆரோக்கியராஜ் கூட வந்தார். இருவருக்கும் அறந்தாங்கிப் பக்கம் ஒரே ஊர், ஒரே தெரு. விழுந்த அன்று அதே தொட்டிக்குள் இருந்தவர் அவர் ஒருவர்தான். நம் பக்கத்துக்கு அவரை விட்டால் வேறு சாட்சி இல்லை.

எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது முத்துக்கருப்பன் மறுபடி உட்கார்ந்தார்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். இத்தன நாளாச் சொல்லல."

விழுவதற்குச் சற்று முன்னால், பாதுகாப்புக் கயிற்றில் மாட்டியிருந்த இடுப்புப் பெல்ட்டின் கொக்கியை அவரே கழற்றியிருக்கிறார். கயிறு அந்த மூலைவரை எட்டவில்லை. தொட்டிக்கு வெளியேயிருந்து சூப்பர்வைசர் அந்த மூலையையும் முடித்துவிட்டு இறங்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாராம். கழற்றிவிட்டு அங்கே போய் மாட்டலாம் என்று போனால் மாட்டுவதற்கு எதுவும் இல்லை. கால் வழுக்கியது.

"நான் பாத்தேன் மேடம்," என்றார் ஆரோக்கியராஜ். "அந்த மூலையில மாட்ட எடமே கெடையாது."

இதனால் வழக்கு கெட்டுவிடாது என்று விளக்கினேன். கயிறு எட்டாதது கம்பெனியின் குற்றம். ஆனால் முழுக் கதையும் சேர்ந்து, நம் வாயால், சரியான நேரத்தில் வர வேண்டும். பாதி மட்டும் எதிர்த்தரப்புக்குப் போனால் தானே கழற்றிக்கொண்டு விழுந்தான் என்று சொல்லிவிடுவார்கள். இந்த அறையில் இருக்கும் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரிய வேண்டாம் என்றேன். முத்துக்கருப்பன் தலையாட்டினார். ஆரோக்கியராஜ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

மார்ச் 8, சனி

துணி துவைக்கும் இயந்திரம் பாதியில் நின்றுவிட்டது. கயலின் சீருடைகளைக் கையால் துவைத்தேன். பழுது பார்க்கிறவர் புதன்கிழமைதான் வருவாராம்.

மார்ச் 20, வியாழன், மெல்பர்ன்

இரண்டு நிறுவனங்களும் பழகிக்கொள்வதற்காக எங்களில் ஆறு பேரை அழைத்திருக்கிறார்கள். குளிர் எதிர்பார்த்ததைவிட அதிகம். பகல் முழுக்க உரைகள். ஒவ்வொருவரும் எவ்வளவு பெரிய வழக்கு, எவ்வளவு பெரிய கட்சிக்காரர் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். என் முறை வந்தபோது தொழிலாளர் காயம் என்றேன். பக்கத்தில் இருந்த பெண் கனிவாகச் சிரித்தாள்.

இரவு விருந்தில் பெரிய ஆச்சரியம். என் எதிரே உட்கார்ந்த மூத்த பங்குதாரர் தமிழர். வசீகரன். யாழ்ப்பாணம், படிக்க வந்து இங்கேயே தங்கியவர். ஐம்பது வயதைத் தாண்டியிருப்பார். நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்ததும், "தமிழிலையே கதையுங்கோ மங்கை. இந்த மேசையில எனக்கு ஒருநாளும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்கேல்லை," என்றார். மற்றவர்கள் வைனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க நாங்கள் இருவர் மட்டும் தமிழில் பேசினோம். எனக்கு அது எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. மத்தியானம் முழுக்க இருந்த கூச்சம் போய்விட்டது.

அவர் பார்ப்பது காப்புறுதி, இன்சூரன்ஸ் கம்பெனிகளின் வழக்குகள். என் வேலையைப் பற்றி நிறையக் கேட்டார், அக்கறையாகக் கேட்டார். சிக்கலான வழக்கு ஏதாவது இருக்கிறதா என்றார். ஒன்றைச் சொன்னேன். அதை எப்படி நடத்தப் போகிறேன் என்றும் சொன்னேன். "நல்ல மூளை," என்றார். மேசையில் இருந்தவர்களிடம் ஆங்கிலத்திலும் அதையே சொன்னார்.

மார்ச் 22, சனி

திரும்பினோம். கயலுக்குக் கம்பளித் தொப்பி வாங்கி வந்தேன், இந்த ஊரில் எதற்கென்று தெரியவில்லை. விமானத்தில் ஏனோ அந்த விருந்துப் பேச்சு நினைவுக்கு வந்தது. பெயர் சொல்லவில்லை. பட்டறையின் பெயரும் சொன்னதாக நினைவில்லை. எப்படியும் இப்போது எல்லோரும் ஒரே நிறுவனம்தானே.

ஏப்ரல் 1, செவ்வாய்

இணைப்பு நடைமுறைக்கு வந்தது. வாசலில் புதுப் பெயர்ப் பலகை, கேக், புது நாற்காலிகள். என் பெயரட்டையில் ஏழு நகரங்களின் பெயர் இருக்கிறது. முழுப் பெயர் மங்கையர்க்கரசி அதில் அடங்கவில்லை என்று மங்கை என்று மட்டும் அச்சடித்துவிட்டார்கள்.

ஏப்ரல் 9, புதன்

ஆல்பர்ட் கூப்பிட்டார். நலன் முரண். இணைப்புக்கு முன்னால் இரண்டு பக்கத்துக் கட்சிக்காரர் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, என் சின்ன வழக்குகளில் எதிர்த்தரப்பின் காப்புறுதி நிறுவனம் எது என்று யாரும் பார்க்கவில்லை. இப்போது பார்த்திருக்கிறார்கள். பட்டறைக்காரர்களுக்குக் காப்புறுதி கொடுத்திருக்கும் நிறுவனம் மெல்பர்னின் மிகப் பெரிய கட்சிக்காரர். அதைக் கவனித்துக்கொள்கிறவர் வசீகரன்.

ஆகவே என் தொழிலாளர் வழக்குகள் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். அந்த வழக்குகளில் காப்புறுதி நிறுவனத்துக்காகவும் நாம் ஆஜராக மாட்டோம், அவர்களுக்கு இங்கே வேறு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், ஆகவே யாருக்கும் அநியாயம் இல்லை என்றார். முத்துக்கருப்பன் வழக்கை மட்டுமாவது முடித்துவிடுகிறேன் என்று கேட்டேன். விதி விதிதான் மங்கை என்றார். அவர் சொல்வது சட்டப்படி சரி. இரண்டு பக்கமும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாது.

வசீகரனிடம் சொன்ன வழக்கு இதுதான் என்று ஆல்பர்ட்டிடம் நான் குறிப்பிடவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

முத்துக்கருப்பனிடம் சொல்லிவிட்டேன். இணைப்பு, காப்புறுதி, நலன் முரண் என்று நான் விளக்க விளக்க அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "நாங்க ஏதும் தப்பாச் சொல்லிட்டமா மேடம்?" என்றார். இல்லை என்றேன். சைனாடவுனில் தனியாக அலுவலகம் வைத்திருக்கும் ஜேக்கப்பிடம் வழக்கை ஒப்படைத்தேன். வயதானவர், நேர்மையானவர், ஆனால் உதவிக்கு ஆள் இல்லாதவர். கொக்கி விஷயத்தையும் அவரிடம் முறைப்படி சொல்லி, அதை எப்படி முன்வைப்பது என்று பேசினேன். அவர் ஏற்றுக்கொண்டார்.

போகும்போது இருவரும் கை கூப்பினார்கள். ஆரோக்கியராஜ் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொள்ள முத்துக்கருப்பன் தடியை ஊன்றி வெளியேறினார்.

மே 16, வெள்ளி

பங்குதாரர் ஆனேன். மெல்பர்னிலிருந்து காணொளியில் வாழ்த்தினார்கள். வசீகரன் தமிழில் வாழ்த்தினார், எல்லோரும் கை தட்டினார்கள். இப்போது எனக்கு ஒப்பந்த வேலைகள் கொடுத்திருக்கிறார்கள். சுலபமான வேலை. யாரும் அழுவதில்லை.

ஜூன் 17, செவ்வாய்

வேறு ஒரு வேலையாக நீதிமன்றம் போயிருந்தேன். தாழ்வாரத்தில் ஜேக்கப் என்னைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினார். எதிர்த்தரப்பு வாதத்தைத் திருத்தித் தாக்கல் செய்திருக்கிறார்களாம். முத்துக்கருப்பன் யாரும் சொல்லாமலே கொக்கியைக் கழற்றிவிட்டு மூலைக்குப் போனார், அது அவருடைய சொந்தக் கவனக்குறைவு என்று இப்போது சொல்கிறார்கள். ஜேக்கப் இன்னும் அந்த விஷயத்தை வெளியிடவே இல்லை. கயிறு எட்டாததைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

"கூட இருந்த பையன்தான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்," என்றார் ஜேக்கப். ஆரோக்கியராஜ் இன்னும் அதே பட்டறையில்தான் வேலை பார்க்கிறார், மிரட்டியிருப்பார்கள் அல்லது ஏதாவது கொடுத்திருப்பார்கள் என்றார்.

இருக்கலாம் என்றேன்.

மின்தூக்கி வந்தது. ஏறிவிட்டேன்.

ஜூன் 18, புதன்

கயலுக்குக் காய்ச்சல். அரை நாள் விடுப்பு.

ஜூன் 20, வெள்ளி

வசீகரனைத் தொலைபேசியில் பிடித்தேன். முதலில் கயலை விசாரித்தார். நான் நேராகக் கேட்டேன். "நான் ஒண்டும் எழுத்தில குடுக்கேல்லை, மங்கை," என்றார்.

காப்புறுதி நிறுவனத்தின் ஆசியப் பொறுப்பாளரோடு ஒருநாள் சாப்பிட்டாராம். தொட்டி விபத்துகளைப் பற்றிப் பேச்சு வந்ததாம். இப்படியான வழக்குகளில் கொக்கி மாட்டியிருந்ததா என்று விசாரித்துப் பாருங்கள் என்று பொதுவாகச் சொன்னாராம். மூலையைப் பற்றி எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அது தனக்கு நினைவில்லை என்றார்.

கயிறு எட்டவில்லை என்பதையும் நான் உங்களிடம் சொன்னேனே, அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, "நீங்களும் வடிவா யோசிச்சுப் பாருங்கோ. முதல்ல கதைச்சது நான் இல்லை," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார்.

உண்மைதான். கட்சிக்காரரின் ரகசியத்தை வெளியே சொன்ன வழக்கறிஞருக்கு என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஜூலை 2, புதன்

துணி துவைக்கும் இயந்திரம் மறுபடி நின்றுவிட்டது. புதிதாகவே வாங்கிவிடலாம் என்று செழியன் சொல்கிறார்.

ஜூலை 20, ஞாயிறு

தேக்கா சந்தைக்குப் போனேன். ஆட்டிறைச்சி, முருங்கைக்காய், கயலுக்குப் பிடித்த நெல்லிக்காய். வெளியே வந்தால் பேருந்து நிறுத்தத்தில் முத்துக்கருப்பன். தாடி வளர்த்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார், வேண்டாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். தேநீர் வாங்கி வந்து கொடுத்தேன்.

ஆரோக்கியராஜ் எங்கே என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. எப்போதும் இருவரையும் சேர்த்தே பார்த்த பழக்கம்.

"அவன் பேச்ச எடுக்காதீங்க மேடம்," என்றார். பிறகு அவரே எடுத்தார். ஜேக்கப் விஷயத்தைச் சொன்ன அன்றே பட்டறைத் தங்கும் விடுதிக்குப் போய் எல்லோர் முன்னாலும் ஆரோக்கியராஜைக் கேட்டிருக்கிறார். அவர் மாதா மேல் சத்தியம் செய்திருக்கிறார். "புது வக்கீல விட்டா மூணு பேருக்குத்தான் தெரியும். நான் சொல்லல. மேடம் சொல்ல மாட்டாங்க. அப்ப யாருடான்னு கேட்டேன்." கைத்தடியால் அடித்துவிட்டாராம். தோளில். அடுத்த வாரம் ஆரோக்கியராஜ் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். சாட்சி சொல்ல வர மாட்டேன் என்று ஜேக்கப்பிடம் சொல்லிவிட்டார்.

"நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப மலம் அள்ளுனவன் மேடம் அவன். காசுக்குச் சொல்லிட்டான்."

என் பேருந்து வந்தது. அதை விட்டேன். அடுத்ததும் வந்தது. இறைச்சிப் பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, அதை ஒரு காரணமாக வைத்துக்கொண்டு எழுந்தேன்.

ஜூலை 21, திங்கள்

மேடம் சொல்ல மாட்டாங்க.

ஆகஸ்ட் 13, புதன்

கயலுக்குத் தமிழ் வாய்மொழித் தேர்வு. நூலகத்தில் சத்தம் போடுகிறவர்களைப் பற்றிய படமாம். நன்றாகப் பேசினேன் என்கிறாள். அலுவலகத்தில் ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானது. ஆல்பர்ட் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஜேக்கப் அழைத்தார். பழைய வழக்கறிஞர் என்ற மரியாதைக்காகச் சொல்கிறார். சாட்சி இல்லை, கொக்கிக் குற்றச்சாட்டுக்குப் பதில் இல்லை. சமரசப் பேச்சில் எதிர்த்தரப்பு முன்பு சொன்னதில் கால்வாசிதான் தருகிறார்கள். முத்துக்கருப்பனை ஒத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை கையெழுத்து.

செழியனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தடவையாக. சமையலறையில் நின்றுகொண்டே கேட்டார். அவர் கல்லூரியில் இயந்திரவியல் சொல்லிக் கொடுப்பவர், எதையும் ஒழுங்காக யோசிப்பவர். நான் வெளியே சொன்னால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். உரிமம் போகலாம். வேலை நிச்சயம் போகும். முத்துக்கருப்பனுக்குக் கிடைப்பது? ஜேக்கப் அந்தக் குற்றச்சாட்டை நீக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம், நீதிபதி ஒத்துக்கொள்ளலாம், ஒத்துக்கொள்ளாமலும் போகலாம் என்றேன். அப்படியானால் யோசித்துச் செய் என்றார். கயலின் பெரிய தேர்வு அடுத்த மாதம் என்றும் சொன்னார். தப்பாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு என் முகத்தைப் பார்க்காமல் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 27, புதன்

மத்தியானம் ஜேக்கப்பின் எண்ணை மூன்று தடவை அழுத்தி அழுத்தி நிறுத்தினேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

காலையில் அலுவலகம் போகாமல் நேராக சைனாடவுன் போனேன். முத்துக்கருப்பனையும் வரச் சொல்லும்படி ஜேக்கப்பிடம் கேட்டிருந்தேன். நாளைக்குக் கையெழுத்துப் போட வேண்டிய தாள்கள் மேசையில் இருந்தன.

உட்காராமல் சொன்னேன். மார்ச்சில் மெல்பர்னில், விருந்தில், இன்னாரிடம் சொன்னேன். ஆரோக்கியராஜ் எதுவும் சொல்லவில்லை. ஜூனிலேயே எனக்குத் தெரியும். பேருந்து நிறுத்தத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும் தெரியும்.

ஜேக்கப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அப்புறம் வழக்கறிஞராகப் பேச ஆரம்பித்தார். இது கையெழுத்தைத் தள்ளிவைக்கப் போதும். நான் சத்தியப் பிரமாணம் கொடுத்தால் குற்றச்சாட்டை எதிர்க்கலாம். இன்னும் ஒரு வருடமாவது ஆகும், ஆனால் நியாயமான தொகை கிடைக்க வாய்ப்பு உண்டு. முத்துக்கருப்பனுக்குத் தமிழில் விளக்கும்படி என்னிடம் சொன்னார். விளக்கினேன். பாதியில் முத்துக்கருப்பன் கையை உயர்த்தினார்.

"அப்ப ஆரோக்கியம் சொல்லல?"

"இல்ல."

"சத்தியம் பண்ணுனான்," என்றார் மெதுவாக. என்னிடம் சொல்லவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. அதற்காகத் தயாராக வந்திருந்தேன். ஆரோக்கியராஜுக்குப் பேசச் சொன்னார். தன் எண்ணிலிருந்து அழைத்தால் எடுப்பதில்லையாம். என் தொலைபேசியிலிருந்து அழைத்தேன். எடுத்தார். நான் யார் என்று சொன்னதும், "சொல்லுங்க மேடம்," என்றார், அதே பழைய மரியாதையோடு. எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் ஏதோ மோட்டார் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் முடித்ததும் கேட்டார்.

"அவன் பக்கத்துல இருக்கானா?"

"இருக்கார்."

"அவன்கிட்ட குடுக்காதீங்க மேடம்."

வைத்துவிட்டார். முத்துக்கருப்பன் கையை நீட்டியபடி இருந்தார். நான் தொலைபேசியைப் பைக்குள் போட்டதைப் பார்த்து, நீட்டிய கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

ஜேக்கப், வழக்கைத் தொடர்வோமா என்று கேட்கச் சொன்னார். முத்துக்கருப்பன் மேசை மேல் இருந்த தாள்களைத் தன் பக்கம் இழுத்தார். நாளைக்குப் போட வேண்டியதை இன்றைக்கே போடலாமா என்று கேட்டார்.

அவசரப்பட வேண்டாம் என்றேன். இப்போதுதான் வழக்குக்கு உயிர் வந்திருக்கிறது, ஒரு வருடம் பொறுத்தால் வாழ்க்கைக்கு ஆகும், உங்கள் இடுப்பை வைத்துக்கொண்டு ஊரில் என்ன வேலை செய்வீர்கள் என்று கேட்டேன். உரக்கவே பேசிவிட்டேன்.

"ஒரு வருசமெல்லாம் முடியாது மேடம். போனுல அவன் பேச மாட்டான். நேர்ல போயி அவன் வாசல்ல நின்னாத்தான் ஆகும்."

ஒவ்வொரு பக்கத்திலும் பொறுமையாகத் தன் பெயரை எழுதினார்.

ஆகஸ்ட் 30, சனி

என் குற்றத்தை வழக்கறிஞர் சங்கத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். வசீகரன் பெயரையும் எழுதினேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆல்பர்ட் அறைக் கதவை மூடிவிட்டுப் பேசினார். கட்சிக்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார், வழக்கு முடிந்துவிட்டது, இனி இதைக் கிளறி யாருக்கு என்ன லாபம் என்றார். கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் வேறு அலுவலகத்துக்கு மாற்றித் தருகிறேன் என்றார். முடியாது என்றதும் களைத்துப்போனவர் போல நாற்காலியில் சாய்ந்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். என் நுழைவு அட்டையை வாசலில் வாங்கிக்கொண்டார்கள்.

முத்துக்கருப்பன் நேற்று முன்தினமே ஊருக்குப் போய்விட்டாராம். ஜேக்கப் சொன்னார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மெல்பர்னில் வசீகரனை உள்விசாரணை செய்து, பொதுவான பேச்சு என்று முடித்துவிட்டார்கள். பழைய அலுவலகத் தோழி ஒருத்தி சொன்னாள். என் அறையில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்களாம்.

கயலைப் பள்ளியிலிருந்து நானே கூட்டி வருகிறேன். எதற்கு அம்மா இவ்வளவு நாள் லீவு என்று கேட்டாள். தேர்வு முடியட்டும், சொல்கிறேன் என்றேன். செழியன் தேவையானதை மட்டும் பேசுகிறார்.

அக்டோபர் 12, ஞாயிறு

தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம். முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. இந்திய எண். கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன். முத்துக்கருப்பன்.

ஆரோக்கியராஜ் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறேன் என்றார். முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகுதான் விவரம் சொன்னார். இவர் போய்ச் சேர்வதற்கு இரண்டு நாள் முன்னால் ஆரோக்கியராஜ் கத்தாருக்குக் கிளம்பிவிட்டார். மூன்று வருட ஒப்பந்தம். அங்கிருந்தும் இவர் எண்ணை எடுப்பதில்லை. நண்பனைக் காட்டிக்கொடுத்தவன் என்று ஊர் முழுக்கப் பேச்சு. சிங்கப்பூரிலிருந்து அந்தப் பேச்சைத் தொலைபேசியில் அனுப்பியதே தான்தான் என்றார் முத்துக்கருப்பன். ஆரோக்கியராஜின் தங்கைக்குப் பேசியிருந்த சம்பந்தமும் இதனால் நின்றுபோயிருக்கிறது. முத்துக்கருப்பன் ஒவ்வொரு வீடாகப் போய் அப்படி இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரும் நம்புவதாக இல்லை. பழைய சிநேகத்துக்காக இவன் பூசி மெழுகுகிறான் என்கிறார்களாம்.

"அவங்க அப்பா பக்கத்துல இருக்காரு மேடம். நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு. நீங்க ஒரு தடவ சொல்லுங்க."

தொலைபேசி கை மாறும் சத்தம். ஒரு வயதானவரின் மூச்சு.

என் பெயரைச் சொன்னேன். முழுப் பெயர். முத்துக்கருப்பனுக்கு வக்கீலாக இருந்தவள் என்றேன். உங்கள் மகன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை ஐயா, சொன்னது நான் என்றேன். நலன் முரண், இணைப்பு, காப்புறுதி என்று எதையும் இழுக்கவில்லை. என்னை நம்பிச் சொன்னதை வேறொருவரிடம் சொல்லிவிட்டேன், பழி உங்கள் மகன் மேல் விழுந்தபோது பேசாமல் இருந்துவிட்டேன் என்றேன்.

அவர் கேட்டார். "படிச்சவுங்க. எதுக்கும்மா சொன்னீங்க?"

சங்கத்துக்கு எழுதிய கடிதத்தில் இதற்கு ஒரு பதில் எழுதியிருந்தேன். இரண்டு நிறுவனங்களும் ஒன்றாகும் சூழலில் ஏற்பட்ட கவனக்குறைவு என்று. செழியனிடமும் அப்படித்தான் சொன்னேன். அது வாயில் வரவில்லை.

"பெரிய பெரிய ஆளுங்க உக்காந்திருந்தாங்கய்யா," என்றேன். "என்னைக் கெட்டிக்காரின்னு நெனைக்கணும்னு சொன்னேன்."

எதிர்முனையில் அவர் யாரிடமோ திரும்பி, நான் சொன்னதை அப்படியே, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்வது கேட்டது. ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். வரிசையாக வேறு குரல்களும் கேட்டன. வீட்டில் நிறையப் பேர் கூடியிருக்க வேண்டும்.

அவர் மறுபடி தொலைபேசிக்கு வந்தார்.

"மேலத்தெரு ஆளுக இப்பத்தான் வாராக," என்றார். "இன்னொருக்காச் சொல்லும்மா."

ஆரம்பத்திலிருந்து சொன்னேன்.